கறுப்புத் திரையில் கேட்ட குரல்

சென்ற வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், கட்டுகஸ்தோட்டையில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் எண் போட்டு எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவு வரும். ஆகவே அன்று நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பகல் ஒரு மணிக்குக் கலஹாவிலிருந்து என் சித்தி வந்தார். தோட்டத்தில் அவரோடு தேயிலைக் கொழுந்தெடுக்கும் நான்கு பெண்களும் வந்தார்கள்.

2. சித்தி ஒரு படத்தில் சில நொடிகள் தோன்றி ஒரே ஒரு வசனம் பேசியிருந்தார். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்தார்கள்.

3. ஒன்றே முக்காலுக்கு டிஸ்க்கைப் போட்டேன். திரை கறுப்பானது.

4. இந்தப் படம் பாதுகாக்கப்பட்டது, இந்தத் திரையில் காட்ட முடியாது என்று ஒரு செய்தி வந்தது.

5. இரண்டே முக்கால் வரை என்னென்னவோ செய்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

6. பிறகு ஒலி மட்டும் வந்தது. அதில் சித்தியின் வசனமும் வந்தது. ஆனால் பேசியது சித்தி இல்லை.

ஆறாவதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் படக்குழு சித்தி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. சித்தியின் கூட்டத்தில் பாதிப்பேரை அன்று மேல்மலைக்கு அனுப்பியிருந்தார்கள். கீழ்மலையில் நின்றவர்களுக்குள் சத்தமாகப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும் என்று படக்காரர்கள் கேட்க, கங்காணி சித்தியைக் காட்டிவிட்டார். கூடையோடு மேட்டில் நின்று, கீழே நடந்துபோகும் கதாநாயகியைப் பார்த்து, "மழ வருது, சீக்கிரம் எறங்குங்க!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். அதையே பல தடவை எடுத்தார்களாம். அன்று மழையே வரவில்லை என்பதையும் சித்தி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மேல்மலைக்குப் போனவர்கள் இதை நம்பவில்லை. அன்றிலிருந்து சித்திக்கு 'ஸ்டாரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதிலும் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் ஒரு நாளும் விட்டதில்லை. "ஏன் ஸ்டாரு, கூடைய நீயே தூக்கிக்குவியா, இல்ல ஆளு வெக்கணுமா?" என்பார். முதல் வருடம் சித்தியும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். தேநீர் நேரத்தில் தனியாக உட்காருகிறார் என்று அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான், படக்குழுவுக்கு மொழிபெயர்த்த கொழும்புப் பெண் ஒருவர் சித்திக்குக் கொடுத்த வாக்கை மறக்காமல் அந்தப் படத்தின் டிஸ்க்கைத் தபாலில் அனுப்பினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் நீங்கள் வருகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார். அது புளூ-ரே டிஸ்க். சாதாரண டிவிடி கருவியில் ஓடாது. எங்கள் சொந்தத்தில் அதை வாசிக்கும் கருவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. டீவியில் படம் பார்ப்பதற்கென்றே பகுதி பகுதியாகச் சேர்த்து நானே கட்டிய சிறிய கணினி அது. அதற்கென்று தனியாகத் திரை இல்லை. அலுவலகம் தந்த மடிக்கணினியிலோ டிஸ்க் போடும் இடமே இல்லை.

வியாழக்கிழமை மாலை டிஸ்க்கைப் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது. அதற்கு மேல் பார்க்கவில்லை. "நான் வர்ற எடத்த எனக்கு முந்தி நீ பாத்துறாத" என்று சித்தி சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்தில் துணி துவைப்பதும் விறகு பொறுக்குவதும் தலைக்கு மேல் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, கோவிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சித்தியும் அவரை நம்பாத அந்த நான்கு பேரும் வந்திருந்தார்கள். அம்மா கதிரைகளை வரிசையாகப் போட்டும் எல்லோரும் பாயில்தான் உட்கார்ந்தார்கள். நாலரைக்குப் புறப்பட்டால்தான் கண்டிக்குப் போய்க் கலஹா பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நான் டிஸ்க்கைப் போட்டேன். மேலே எழுதிய மூன்றும் நான்கும் நடந்தன.

இந்தப் பிழை எனக்குப் புதியதல்ல. இத்தகைய டிஸ்க்கில் படம் பூட்டித்தான் இருக்கும். அதை யாரும் நகல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, படத்தை அனுப்புவதற்கு முன் கணினி திரையிடம் ஒரு கேள்வி கேட்கும். உன்னிடம் சாவி இருக்கிறதா? இருக்கிறது என்று திரை பதில் சொன்னால் படம் போகும். சொல்லாவிட்டால் கறுப்பு. அலுவலகத்தில் கூட்ட அறைத் திரையோடு இதே சிக்கலைப் பலமுறை தீர்த்திருக்கிறேன். ஆகவே பதறவில்லை. ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டேன்.

டீவியையும் கணினியையும் அணைத்து, டீவியை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போட்டேன். கறுப்பு. கணினிப் பக்கத்துக் கேபிளை மாற்றினேன். கறுப்பு. படம் ஓட்டும் மென்பொருளைப் புதுப்பித்தேன். திரை டிரைவரைப் புதுப்பித்தேன். கறுப்பு, கறுப்பு. டிஸ்க்கை மெல்லிய துணியால் துடைத்தேன். பிறகு என்னிடமிருந்த பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பல தடவை இதே டீவியில் பார்த்த படம். அதுவும் கறுப்பு. ஆனால் இணையத்திலிருந்து ஒரு பாட்டைப் போட்டால் அழகாக ஓடியது. பெண்கள் ஆளுக்கொரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு அதை ரசித்தார்கள்.

டிஸ்க்கில் பிழை இல்லை. டீவியில் பிழை இல்லை. கணினியில் பிழை இல்லை. வியாழக்கிழமை இதே மூன்றும் சேர்ந்து ஓடின. வியாழனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் இந்த வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அடையாளம் போட்டிருந்தேன். எல்லாம் சரி, ஆனால் படம் இல்லை. என் தொழிலில் இதைவிடக் குழப்பமான தாள் கிடையாது.

"பாப்பா, படிச்ச புள்ள நீ. இது என்னா, கரண்டு இல்லாத லயத்து வீடு மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து நிரை அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

திரையின் தெளிவு அளவைக் குறைத்துப் பார்த்தபோதுதான், அதுவரை ஓட மறுத்த மென்பொருள் ஓடத் தொடங்கி ஒலி மட்டும் வந்தது. ஒலிபெருக்கிகளை நான் கணினியோடு தனியாக இணைத்திருந்தேன். அதனால் படம் தடைபட்டாலும் சத்தம் தடைபடவில்லை. கறுப்புத் திரையில் காற்றும் காலடியும் யாரோ ஆங்கிலத்தில் பேசுவதும் கேட்டன.

சித்தி பாயிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். "அந்த பன்னெண்டாவது நிமிஷத்துக்குப் போ. படம் வராட்டியும் என் கொரலாவது கேக்கட்டும்" என்றார்.

போனேன். பறவைச் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், தேன் தடவிய மாதிரி, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி: "மழை வருகிறது, சீக்கிரம் இறங்குங்கள்."

பக்கத்து நிரை அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "இது யாருடி, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறவளா? எப்ப நம்ம மலைக்கு வந்தா?"

"ஸ்டாரு கொரலையும் மாத்திக்கிச்சு" என்றார் இன்னொருவர்.

சித்தி கறுப்புத் திரையைப் பார்த்தபடியே நின்றார். "நான்தான் சொன்னேன்" என்றார். "ஆனா இது என் கொரல் இல்ல" என்றும் அவரே சொன்னார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. எனக்கு இருந்த அதே குழப்பம்தான் இருந்தது.

எனக்கு விளக்கம் தெரிந்திருக்க வேண்டும். மலையில் காற்று அதிகம். வெளியில் எடுத்த சத்தம் சரியாகப் பதியாவிட்டால், பிறகு வேறொருவரை வைத்துப் பேசிச் சேர்ப்பார்கள். சாதாரண விஷயம். ஆனால் ஒரு மணி நேரம் தோற்றுக்கொண்டிருந்த என் மூளைக்கு அது வரவில்லை. எனக்கு வந்த எண்ணம் வேறு. அன்று யாரோ ஒருவர் அங்கே நின்று அந்த வசனத்தைப் பேசியிருக்கிறார். சித்தி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி, அது தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார். அப்படியானால் இந்தத் திரை கறுப்பாகவே இருப்பது நல்லதல்லவா?

அந்த எண்ணத்தோடு நான் வாயைத் திறந்தேன். "சித்தி, இன்னொரு நாளைக்குப் பாப்போமா? மெஷின்ல என்னமோ கோளாறு" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், நான் மானத்தோட தப்பிக்க வழி விட்டுக் குடுக்குறியா?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேட்டது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னிக்கே பாப்போம். நான் இருக்கேன் அதுல" என்றார்.

பட்டியலில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. டீவிக்குப் போகும் கேபிள் சுவருக்குள் குழாய் வழியாகப் போகிறது. அதை விட்டுவிட்டுக் கணினியை டீவியோடு நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் டீவி சுவரோடு ஒட்டி இறுக்கியிருந்தது. பின்னால் விரல்கூட நுழையாது. கழற்றத்தான் வேண்டும்.

கதிரையில் ஏறித் திருப்புளியை எடுத்தேன். நான்கு பெண்களும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து டீவியின் நான்கு மூலைகளையும் பிடித்தார்கள். "மெல்ல, மெல்ல. இது கொழுந்துக் கூடை இல்ல" என்றார் ஒருவர். "கூடைன்னா தலையில போட்டுக்கலாம்டி. இத எங்க போடுறது?" என்றார் பக்கத்து நிரை அக்கா. அவ்வளவு கேலி செய்தவர்தான் அதிகப் பாரம் இருந்த மூலையைப் பிடித்திருந்தார். இரண்டு திருகாணிகள் கழன்றிருந்தன.

அப்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுத் தாத்தா ஏறி வந்துகொண்டிருந்தார்.

தாத்தா என்றால் பெண்தான். வீட்டுக்குச் சொந்தக்காரர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. முழங்கால் வலியால் அவர் மேலே வருவதே இல்லை. முன்பு ஒரு கிரிக்கெட் தொடர் நடந்தபோது, என் கணினியில் வருவதை அவர்களும் கீழே இருந்து பார்க்கட்டும் என்று மாடிப்படிக்கு மேலே ஒரு ஸ்பிளிட்டரைப் பொருத்தியிருந்தேன். படம் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று எங்கள் டீவிக்கும் மற்றது அவர்கள் டீவிக்கும் போகும். தொடர் முடிந்த பிறகும் யாரும் அதைக் கழற்றவில்லை. நாங்கள் போடுவதை அவர்களும் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் தாத்தா துடைப்பத்தால் கூரையில் தட்டுவார், நாங்கள் மாற்றிவிடுவோம். அன்றும் சித்தியின் படம் என்று சொல்லி அவரை மேலே அழைத்திருந்தேன். கீழேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தாத்தா, டீவியைத் தாங்கிக்கொண்டிருந்த நான்கு பெண்களையும் மேலும் கீழும் பார்த்தார். "என்னா புள்ள, டீவியக் கொண்டு போறாங்களா?" என்றார். பிறகு, "எங்கடதுலயும் படம் ஒண்டும் தெரிய இல்ல, பாட்டு மட்டும்தான் வந்திச்சி. நான் நெனச்சேன் இந்தப் பழைய ஸ்கிரீன் சரியில்ல எண்டு" என்றார்.

"எந்தப் பழைய ஸ்கிரீன், தாத்தா?"

"வெள்ளிக்கெழம எங்கட டீவி ரிப்பேருக்குப் போயீக்கி. மகன்ட பழைய கம்பியூட்டர் ஸ்கிரீன் ஒண்டு ஈந்திச்சி. அத மாட்டீக்கி."

கதிரையில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது.

என் கணினி ஒரு திரையிடம் அல்ல, இரண்டு திரைகளிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் டீவி பதில் சொன்னது. கீழே இருந்த பழைய திரை, இப்படி ஒரு கேள்வி வருவதற்கு முந்திய காலத்துத் திரை. அதனிடம் பதில் இல்லை. ஒரு திரை பதில் சொல்லாவிட்டாலும் ஸ்பிளிட்டர் இரண்டுக்கும் படத்தை நிறுத்திவிடும். பாட்டுக்குப் பூட்டு இல்லை, அதனால் அது ஓடியது. இந்த வீட்டில் எது மாறியது என்று ஒன்றரை மணி நேரம் தேடினேன். இந்த வீட்டில் எதுவும் மாறவில்லைதான். நானே கையால் இழுத்துவிட்ட கேபிள் ஒன்று கீழ்வீட்டுக்கும் போகிறது என்பதை என் பட்டியலில் எழுதவே இல்லை.

படிக்கு ஓடி, ஸ்பிளிட்டரிலிருந்து கீழே போகும் கேபிளை உருவினேன். ஒரு நொடி வேலை. திரும்பி வந்தபோது, இரண்டு திருகாணியில் சரிந்து தொங்கிய டீவியில், நான்கு பேரின் கைகளுக்கு நடுவே படம் ஓடிக்கொண்டிருந்தது. "விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க" என்று அம்மா கத்தினார். திருகாணிகளை இறுக்கினேன். தாத்தாவுக்கு அம்மா கதிரை போட்டார். மணி மூன்றரை.

பன்னிரண்டாவது நிமிடம். பச்சை மலை. கதாநாயகி கீழே போகிறாள். மேலே, தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்குமாக ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். திரை முழுக்கச் சித்தியின் முகம். நெற்றியில் வியர்வை, கலைந்த முடி, மூக்குத்தி. வாய் திறக்கிறது. அந்தத் தேன் குரல் வருகிறது.

"அடி ஆத்தி" என்றார் ஒருவர்.

இன்னொரு முறை போடச் சொன்னார்கள். போட்டேன். சித்தி மகிழ்ந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உதடுகளிலிருந்து வேறொருத்தி பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தன தடவ கத்துனேன். தொண்ட கட்டிப் போச்சு" என்றார். பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. திரையிடம் சொன்னது போல இருந்தது.

பக்கத்து நிரை அக்கா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அந்தச் சத்தத்த நிப்பாட்ட முடியுமா? படம் மட்டும் ஓடட்டும்" என்றார். பிறகு சித்தியிடம், "நீ சொல்லுடி. மலையில சொன்ன மாதிரியே சொல்லு" என்றார்.

ஒலியை அணைத்தேன். சித்தி முதலில் மறுத்தார். நான்கு பேரும் விடவில்லை; தாத்தாவும் சேர்ந்துகொண்டார். காட்சி மறுபடியும் வந்தது. திரையில் சித்தி வாயைத் திறந்தபோது, பாயில் நின்ற சித்தியும் திறந்தார்.

"மழ வருது, சீக்கிரம் எறங்குங்க!"

கொழுந்து மலையில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கேட்க வேண்டிய குரல் அது. எங்கள் சின்ன அறைக்கு மிக மிக அதிகம். அடுப்படியில் பாத்திரம் அதிர்ந்தது. உதட்டசைவோடு அரை நொடிகூட விலகவில்லை. தாத்தா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து நிரை அக்கா, "இது. இதுதான்" என்றார். நாலரை வரை அந்தக் காட்சியை எத்தனை தடவை போட்டேன் என்று நான் எண்ணவில்லை. படத்தின் மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஏறும்போது, "ஸ்டாரு, முன்னாடி ஏறு" என்று யாரோ சொன்னது கேட்டது. சித்தி சிரித்துக்கொண்டே ஏறினார்.

இப்போது நிலைமை இது. கீழ்வீட்டு டீவி பழுது பார்த்து வந்துவிட்டது. கேபிளை மறுபடியும் மாட்டிவிட்டேன். தாத்தா வழக்கம் போலக் கூரையில் தட்டுகிறார். டிஸ்க் சித்தியிடம் இருக்கிறது. தேநீர் நேரத்தில் அவர் இப்போது தனியாக உட்காருவதில்லை என்று அம்மா சொல்கிறார். எனக்கு வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்து, சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று கேட்கிறார். அவர் படத்தில் நடித்ததை நம்பாத நான்கு பேரும் அன்றே அவருடைய முகத்துக்கு நேரே தங்கள் கேலியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்னொரு நாள் பார்ப்போமா என்று நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் சித்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைய கோளாறுகளில் சரிசெய்யாமல் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.